கோட்எம்எல்: காவலாளியைக் காட்டிக்கொடுக்கும், கத்தியைக் கோட்டைவிடும்

மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பரிணாமத்தின் தடத்தை அளக்கும் கோட்எம்எல் என்ற இந்த மென்பொருளுக்கு முகமே கிடையாது. ஜன்னல் திறக்காது, பொத்தான் இருக்காது, வண்ணப் படம் வராது. கறுப்புத் திரையில் பெயரைத் தட்டி என்டரை அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் ஓர் உரைக்கோப்பைப் படித்துவிட்டு எண்களைக் கொட்ட ஆரம்பிக்கும். கொட்டவில்லையென்றால் ஒற்றை வரியில் எதையோ முணுமுணுத்துவிட்டு நின்றுவிடும். முதல் முறை பார்ப்பவர், இது உடைந்துபோன சரக்கு என்றுதான் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு நான்கு வருடம் ஆகிறது. பழ ஈக்களின் நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்த முகமற்ற பெட்டியிலிருந்து வந்தது. மீதிப் பாதி, இது சொல்லாமல் விட்டதைத் தேடிப் போனதில் கிடைத்தது. இரண்டையும் எழுதினால்தான் மதிப்புரை நேர்மையாக இருக்கும்.

பேமல் என்று நாங்கள் கூப்பிடும் தொகுப்பின் ஒரு பகுதி இது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருக்கும் சிஹெங் யாங் எழுதியது. 1997-இல் அறிமுகக் கட்டுரை வந்தது, 2007-இல் நான்காம் பதிப்பு. காசு கிடையாது, இறக்கிக்கொள்ளலாம். கையேடும் கூடவே வரும். அந்தக் கையேட்டைப் படிக்காமல் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரையின் நடுப்பகுதி.

எதற்காக இது வேண்டும்? பழ ஈக்கு ஆன்டிபாடி கிடையாது. ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைத்து அடுத்த முறைக்குப் புதிதாக எதிர்ப்பொருள் செய்யும் வசதி அதற்கு இல்லை. அழுகும் பழத்தில் பிறந்து, அழுகும் பழத்தைத் தின்று, பாக்டீரியாவும் பூஞ்சையும் குழம்பாகக் கிடக்கும் இடத்திலேயே முட்டையிடும் பூச்சி அது. பிறவியில் வந்த மரபணுக்களை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும். வெளியே ஏற்பிப் புரதங்கள் கிருமியை மோப்பம் பிடிக்கும். உள்ளே டோல், ஐஎம்டி என்ற இரண்டு சமிக்ஞைப் பாதைகள் செய்தியைக் கடத்தும். கடைசியில் கொழுப்புத் திசுவிலிருந்து சிறு புரதத் துண்டுகள் இரத்தத்தில் கொட்டி, கிருமியைத் துளைத்துக் கொல்லும். டோல் பாதை பூஞ்சைக்கு எதிராக வேலை செய்கிறது என்று 1996-இல் காட்டிய ஆய்வுதான் ஜூல் ஹாஃப்மனுக்கு 2011-இல் நோபல் பரிசில் பங்கு வாங்கிக் கொடுத்தது. அந்த மரபணு அதற்கு முன்பே கருவின் வளர்ச்சியில் வயிறு எது, முதுகு எது என்று தீர்மானிப்பதாகத்தான் அறியப்பட்டிருந்தது. ஒரே மரபணு, இரண்டு உத்தியோகம்.

கிருமி ஓடும், ஈ துரத்தும். கிருமி மாறினால் ஈயின் புரதமும் மாறவேண்டும். அந்த மாற்றம் மரபணுவில் தடம் விட்டிருக்கும், தடத்தை அளக்கலாம் என்பதுதான் கோட்எம்எல் தரும் வாக்குறுதி.

அளப்பது எப்படி என்பதைத் தமிழ் எழுத்தை வைத்தே சொல்லிவிடலாம். ‘மனம்’ என்பதை ‘மநம்’ என்று எழுதினால் தமிழாசிரியர் அடிப்பார், ஆனால் உரக்கப் படித்துக் கேட்பவருக்கு ஒன்றும் ஆகாது. ந, ன இரண்டுக்கும் இன்றைய நாக்கில் ஒரே ஒலி. ‘மரம்’ என்று எழுதினால் பொருளே போயிற்று. மரபணுவிலும் இப்படித்தான். மூன்று மூன்று எழுத்தாகச் சேர்ந்த கோடான்களில், அலனின் என்ற அமினோ அமிலத்துக்கு உரிய கோடானின் மூன்றாம் எழுத்து எப்படி மாறினாலும் அலனின் அலனின்தான். இது மௌன மாற்றம். முதல் எழுத்து மாறினால் அமினோ அமிலமே மாறிப்போகும். மௌன மாற்றங்கள் யாரும் கவனிக்காமல் கடிகாரம் போல ஒரே வேகத்தில் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது பொருள் மாற்றும் மாற்றங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்பதுதான் ஒமேகா என்ற விகிதம். ஒன்றுக்குக் கீழே இருந்தால், மாற்றங்களை இயற்கைத் தேர்வு களைந்தெறிகிறது. ஒன்றுக்கு மேலே போனால், மாற்றத்தை வரவேற்று உட்காரவைக்கிறது.

முழு மரபணுவுக்கும் ஒரே ஒமேகா கணக்கிட்டால் ஏறக்குறைய எல்லாமே ஒன்றுக்குக் கீழேதான் வரும். ஒரு புரதத்தின் பெரும்பகுதி அசையவே கூடாத தூண்கள், கிருமியோடு மல்லுக்கட்டும் இடமோ நான்கைந்து ஜன்னல்கள்தான். சராசரி எடுத்தால் தூண்கள் ஜன்னல்களை அமுக்கிவிடும். கோட்எம்எல்லின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. அது இரண்டு கதைகளை எழுதிப் பார்க்கிறது. எம்7 என்ற கதையில் எந்தக் கோடானுக்கும் ஒமேகா ஒன்றைத் தாண்டக் கூடாது. எம்8 என்ற கதையில் சில கோடான்கள் மட்டும் தாண்டலாம். இரண்டில் எந்தக் கதை தரவுக்குப் பொருந்துகிறது என்பதற்கு ஒவ்வொரு கதைக்கும் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்களின் வித்தியாசத்தை இரட்டித்து 5.99-ஐத் தாண்டுகிறதா என்று பார்க்கவேண்டும். தாண்டினால், எந்தெந்தக் கோடான் என்ற பட்டியலும் கடைசியில் வரும். 95 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கை என்றால் ஒரு நட்சத்திரம், 99-க்கு மேல் என்றால் இரண்டு. நள்ளிரவில் அந்த இரட்டை நட்சத்திரத்தைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடான ஒன்றை ஆய்வு மாணவ வாழ்க்கை அதிகம் தருவதில்லை.

இனி ஓட்டிப் பார்த்த அனுபவம்.

முதல் வாரம் முழுக்க இடைவெளிகளோடு சண்டை. வரிசைக் கோப்பில் இனத்தின் பெயருக்கும் எழுத்துகளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி வேண்டும். ஒன்று விட்டால் பெயரையும் வரிசையையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, வரிசை குறைகிறதே என்று புலம்பும். கோப்பின் தலையில் எத்தனை இனம், எத்தனை எழுத்து என்று நாமே எண்ணி எழுதவேண்டும். நடுவில் நிறுத்தக் கோடான் இருந்தால் ஒத்துக்கொள்ளாது. இனங்களின் வம்ச மரத்தை வேர் வைக்காமல், அதாவது முன்னோர் எந்தப் பக்கம் என்று குறிக்காமல், கொடுக்கவேண்டும். வேர் வைத்த மரத்தைக் கொடுத்துவிட்டு நான் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் பெரியது. இது மலையேறும் முறையில் விடை தேடும் நிரல். எந்த அடிவாரத்தில் இறக்கிவிடுகிறோமோ அங்கிருந்து மேலே ஏறும். பக்கத்தில் ஒரு சின்னக் குன்று இருந்தால் அதன் உச்சியில் போய் நின்றுகொண்டு இதுதான் சிகரம் என்று சொல்லிவிடும். அதனால் ஒமேகாவின் தொடக்க மதிப்பை மாற்றி மாற்றி, ஒவ்வொரு மரபணுவையும் குறைந்தது மூன்று முறை ஓட்டவேண்டும். மூன்றும் ஒரே எண்ணில் வந்து நின்றால் நம்பலாம். ஒருமுறை ஓட்டி எழுதிய முடிவு என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மனதுக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்கிறேன்.

சரி, சண்டையெல்லாம் முடிந்து ஓட ஆரம்பித்தால்? அற்புதம் என்றுதான் சொல்லவேண்டும்.

நான் முதலில் ஓட்டியவற்றில் ஒன்று டெப்1. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான புரதம், நம் உடம்பில் கிருமியைத் தாக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் நடுவில் தூண்டில் இரை போன்ற ஒரு பகுதி இருக்கிறது. இந்தச் சொந்தக் குடும்பத்தில், கிருமியின் நொதி வந்து அந்த இரையைக் கடித்தால் புரதம் வடிவம் மாறிப் பொறி போல மூடிக்கொள்வது வழக்கம். இனத்துக்கு இனம் வேகமாக மாறியிருக்கும் இடங்கள் அந்த இரைப் பகுதியில்தான் குவிந்திருக்கின்றன என்று 2006-இலேயே எழுதிவிட்டார்கள். தெரிந்த விடைதான். ஆனாலும் என் சொந்தக் கோப்பில், என் சொந்தக் கையால் கோத்த வரிசையில், நட்சத்திரங்கள் வேறெங்கும் சிதறாமல் அந்த இடத்தில் கொத்தாக வந்து நின்றபோது, முகமில்லாத பெட்டிக்கு முதல் முறையாக ஒரு முகம் வந்தது போல இருந்தது. நிரலுக்கு இரை என்றால் என்னவென்று தெரியாது, கிருமி தெரியாது, ஈ கூடத் தெரியாது. நான்கு எழுத்துகளை எண்ணிவிட்டுச் சரியான ஜன்னலைக் காட்டியது.

அதே வாரம் பிஜிஆர்பி குடும்பத்தை ஓட்டினேன். இவையும் ஏற்பிகள்தான், பாக்டீரியாவின் செல்சுவரை மோப்பம் பிடிப்பவை. ஒன்றும் வரவில்லை. ஒமேகா அடியில் கிடந்தது. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மறுபடி ஓட்டினேன், மறுபடியும் அதேதான். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. செல்சுவரின் பெப்டிடோகிளைக்கான் பாக்டீரியாவுக்கு வீட்டின் அஸ்திவாரம். ஈயிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வாசல் கதவை மாற்றலாம், அஸ்திவாரத்தை மாற்ற முடியுமா? அது மாறாததால் அதை மோப்பம் பிடிப்பவனும் மாறத் தேவையில்லை. ஏற்பி என்றாலே வேகமாக மாறும் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த எனக்கு இந்தப் பூஜ்யம் கொடுத்த பாடம் டெப்1 கொடுத்ததைவிடப் பெரியது.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் இன்னொன்று இருக்கிறது. ஈயின் செல்களில் டைசர் என்ற கத்திரிக்கோல் இரண்டு உண்டு. டைசர்-1 வீட்டு வேலைக்காரன், செல்லின் சொந்த மைக்ரோ ஆர்என்ஏக்களை நறுக்கிக் கொடுப்பான். டைசர்-2 வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கும் காவலாளி. அவர்களுக்குக் கூட்டாளிகளும் ஜோடி ஜோடியாகவே: ஆர்கோனாட்-1 வீட்டுக்கு, ஆர்கோனாட்-2 வைரஸுக்கு. ஒரே முன்னோரிடமிருந்து வந்த பங்காளிகள், ஏறக்குறைய ஒரே வேலை. ஒருவருக்கு எதிரி உண்டு, மற்றவருக்கு இல்லை. இதைவிட நல்ல ஒப்பீட்டை எந்த ஆய்வுக்கூடத்திலும் செயற்கையாக அமைக்க முடியாது. டைசர்-2, அதன் கூட்டாளி ஆர்2டி2, ஆர்கோனாட்-2 ஆகிய மூன்றும் ஈயின் எல்லா மரபணுக்களிலும் மிக வேகமாக மாறும் 3 சதவீதத்துக்குள் வருகின்றன என்று 2006-இல் காட்டினார்கள். வீட்டு வேலைப் பங்காளிகள் அசையாமல் இருக்கிறார்கள். என் கணினியில் ஆர்கோனாட்-1 ஏறக்குறைய தட்டையாகக் கிடக்க, பக்கத்துக் கோப்பில் ஆர்கோனாட்-2 தாவியது.

ஏன் தாவுகிறது என்பதற்குப் பதில் வைரஸ் பக்கத்திலிருந்து வந்தது. இமிக்ரன்ஸ் என்ற ஈ இனத்திலிருந்து எடுத்த நோரா வைரஸ், அந்த ஈயின் ஆர்கோனாட்-2-ஐ முடக்கும் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது. அதே புரதத்தை, ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் மெலனோகாஸ்டர் ஈயின் ஆர்கோனாட்-2 முன்னால் நிறுத்தினால் ஒன்றும் செய்யமுடியாமல் நிற்கிறது என்று 2014-இல் சோதித்துக் காட்டினார்கள். ஒரு வீட்டுக்குச் செய்த கள்ளச்சாவி அடுத்த வீட்டுப் பூட்டில் நுழையவில்லை. பூட்டை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா என்ன.

இனி என் மானம் போன கதை.

செசெல்லியா என்று ஒரு ஈ இனம். செஷல்ஸ் தீவுகளில் மட்டும் வாழ்வது. மற்ற ஈக்களைக் கொல்லும் நோனிப் பழத்தில் இது சுகமாகக் குடும்பம் நடத்துகிறது. கோட்எம்எல்லில் ஒரு குறிப்பிட்ட கிளையை மட்டும் சுட்டிக்காட்டி, ‘இந்த வம்சத்தில் மட்டும் ஏதாவது நடந்ததா’ என்று கேட்கும் வசதி உண்டு. கிருமிகளை விழுங்கும் இரத்த அணுக்களுக்கான நிம்ராட் குடும்பத்து மரபணு ஒன்றை எடுத்து, செசெல்லியா கிளையைச் சுட்டிக்காட்டி ஓட்டினேன். ஒமேகா 999 என்று வந்தது. இரட்டை நட்சத்திரம் ஏழு, வரிசையாக.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கதை தானாகவே உருவாகிவிட்டது. நஞ்சுப் பழத்துக்குக் குடிபெயர்ந்த ஈ, அங்கே புதுக் கிருமிகள், புதுக் கிருமிகளுக்குப் புது ஏற்பி. தலைப்பு கூட யோசித்துவிட்டேன். காலையில் என் வழிகாட்டியிடம் தாளை நீட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை.

“அலைன்மென்ட்டைக் கண்ணால் பார்த்தாயா?”

“வரிசை கோக்கும் நிரலே பொருத்திக் கொடுத்தது, மேடம்.”

“நிரலுக்குக் கண் கிடையாது. போய்ப் பார்த்துவிட்டு வா.”

அலைன்மென்ட் என்றால் எல்லா இனத்தின் வரிசைகளையும் இடத்துக்கு இடம் பொருத்திக் கோத்த கோப்பு. போய்ப் பார்த்தேன். மற்ற ஐந்து இனங்களும் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, செசெல்லியா மட்டும் ஓரிடத்தில் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தது. ஏழு கோடான் தள்ளி ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. நடுவில் இருந்த ஏழும், மூன்று மூன்றாகப் படிக்கும் கணக்கு ஓர் எழுத்து விலகிப்போய், பஸ்ஸில் எல்லோரும் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தது போல, ஒவ்வொன்றும் வேறு அமினோ அமிலமாகத் தெரிந்தன. 2007-இல் வெளியான 12 ஈ இனங்களின் மரபணுத் தொகுதிகளில் செசெல்லியாவைக் குறைந்த ஆழத்தில்தான் வாசித்திருந்தார்கள். நான் எடுத்தது அந்தப் பழைய வரிசை. பின்னால் வந்த செம்மையான தொகுதியை எடுத்து ஓட்டினேன். ஏழு நட்சத்திரமும் உதிர்ந்துவிட்டன.

அந்த 999 என்பது அளவே இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மௌன மாற்றம் ஒன்றுகூட இல்லாமல் பொருள் மாற்றம் மட்டும் இருந்தால் விகிதம் முடிவிலிக்குப் போகும். நிரல் போட்டிருக்கும் உச்சவரம்பு 999. வேகமானியின் முள் கடைசியில் போய் முட்டிக்கொண்டு நிற்பது போல. இப்போது அந்த எண்ணைப் பார்த்தால் முதலில் அலைன்மென்ட்டைத் திறக்கிறேன், அப்புறம்தான் மூச்சு விடுகிறேன்.

இதில் கோட்எம்எல்லின் மேல் குற்றமில்லை. கொடுத்ததை எண்ணியது. ஆனால் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லவேண்டியது இதுதான்: கோத்த தவறையும் நடந்த பரிணாமத்தையும் இது பிரித்தறியாது. வரிசையில் வரும் தவறுகள் பெரும்பாலும் வேகமான பரிணாமத்தின் வேஷத்தில்தான் வரும், மெதுவான பரிணாமத்தின் வேஷத்தில் வருவது அரிது. ஆகவே தவறு பெரும்பாலும் நமக்குப் பிடித்த திசையிலேயே தள்ளும். அதுதான் ஆபத்து.

அதே போல, 12 இனம் கிடைக்கிறதே என்று 12-ஐயும் போட்டு ஓட்டாதீர்கள். விரிலிஸ், மொஹாவென்சிஸ், கிரிம்ஷாவி எல்லாம் மெலனோகாஸ்டருக்கு மிகத் தூரத்துச் சொந்தம். அவ்வளவு காலத்தில் மௌன மாற்றங்கள் ஒரே இடத்தில் மேலும் மேலும் விழுந்து, கடிகாரமே நிரம்பி வழிந்துவிடும். நான் மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ், செசெல்லியா, யாகுபா, எரெக்டா, அனனாசே என்ற ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன். நூறு மரபணுவை ஓட்டினால் ஐந்து சதவீத வரம்பில் ஐந்து சும்மாவே தேறிவிடும், அதையும் திருத்திக்கொள்ளவேண்டும்.

இதையெல்லாம் நீங்களே செய்ய நேரமில்லை என்று கட்டணப் பகுப்பாய்வுச் சேவைகளை நாடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சின்ன அனுபவம். அப்படி ஒரு சேவையிலிருந்து என் நண்பர் ஒருவருக்கு வண்ண வண்ணமாக நாற்பது பக்க அறிக்கை வந்தது. பன்னிரண்டு இனம், ஒரே ஒரு தொடக்க மதிப்பு, அலைன்மென்ட் கோப்பு இணைக்கப்படவில்லை. அட்டை நன்றாக இருந்தது.

இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் ஓட்டுபவர் கவனமாக இருந்தால் தீர்ந்துவிடும். இனிச் சொல்லப்போவது தீராது.

நோயெதிர்ப்பில் கிருமியோடு நேருக்கு நேர் கைகலப்பது யார்? கடைசியில் கொட்டும் அந்தச் சிறு புரதத் துண்டுகள்தான். டிப்டெரிசின், அட்டாசின், செக்ரோபின், டிரோசோமைசின். ஆயுதப் போட்டி என்று ஒன்று இருந்தால் அது ஆயுதத்தில்தானே முதலில் தெரியவேண்டும்? நானும் அந்த ஆசையில்தான் முதலில் அவற்றை ஓட்டினேன். ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக, ஒன்றுமில்லை. 2007-இல் 12 இனங்களின் நோயெதிர்ப்பு மரபணுக்களை மொத்தமாக ஒப்பிட்டபோதும் இதே முடிவுதான் வந்தது: நேர்மறைத் தேர்வின், அதாவது மாற்றத்தை வரவேற்கும் தேர்வின், தடம் அதிகம் தெரிந்தது கிருமியை அடையாளம் காணும் புரதங்களில், கொல்லும் புரதங்களில் தடம் இல்லை.

அப்படியானால் ஆயுதங்கள் மாறவே இல்லையா? மாறுகின்றன. அதே ஆய்வு அதையும் சொன்னது. சமிக்ஞைப் பாதையின் உறுப்புகள் பெரும்பாலும் எல்லா இனத்திலும் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்க, கொல்லும் புரதங்களின் மரபணுக்கள் இனத்துக்கு இனம் பிரதியெடுத்துப் பெருகுகின்றன, காணாமல் போகின்றன. கத்தியைத் தீட்டுவதற்குப் பதிலாகக் கத்தியின் எண்ணிக்கையை மாற்றுகிறார்கள். கோட்எம்எல் எழுத்துகளை ஒப்பிடும் கருவி. ஓர் இனத்தில் மரபணுவே இல்லையென்றால் அதற்கு ஒப்பிட எதுவும் இல்லை. இல்லாததை அது எண்ணாது. இருப்பதிலும் சிக்கல் உண்டு. செக்ரோபின் முன்னோடிப் புரதமே மொத்தம் 63 அமினோ அமிலம். அவ்வளவு குட்டி வரிசையில் ஆறு இனத்தை வைத்துக்கொண்டு புள்ளியியல் என்ன சொல்லிவிட முடியும். அட்டாசின் ஏ, பி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றின் எழுத்தை மற்றதன் மேல் நகலெடுத்துக்கொள்கின்றன. நிரலோ ஒவ்வொரு மரபணுவும் தன் வம்ச மரத்தைப் பிசகாமல் பின்பற்றுகிறது என்ற நம்பிக்கையில் ஓடுகிறது.

டிப்டெரிசின்தான் என்னை முழுதாகத் தெளியவைத்தது. மெலனோகாஸ்டர் ஈக்களுக்குள்ளேயே, முதிர்ந்த டிப்டெரிசின் ஏ புரதத்தின் 69-ஆம் இடத்தில் சிலவற்றுக்கு செரின், சிலவற்றுக்கு ஆர்ஜினின். அந்த ஓர் எழுத்து வித்தியாசம், புராவிடென்சியா ரெட்கெரி என்ற பாக்டீரியா தொற்றும்போது ஈ பிழைக்குமா சாகுமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இரண்டு வகையையும் இயற்கைத் தேர்வு கூட்டத்துக்குள் சேர்த்தே வைத்திருக்கிறது. சிமுலன்ஸிலும் இதே இடத்தில் இதே ஊசலாட்டம். இது 2016-இல் வந்த முடிவு. என் கோப்பில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரே ஒரு வரிசைதான். ஒரு மெலனோகாஸ்டர், ஒரு சிமுலன்ஸ். இரண்டும் தற்செயலாக செரின் வைத்திருந்தால் மாற்றமே இல்லை என்று நிரல் கையெழுத்துப் போட்டுவிடும். ஓர் ஊரிலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட்டு அந்த ஊரில் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டது போலத்தான்.

2023-இல் இன்னொன்று வந்தது. டிப்டெரிசின் பி என்ற பங்காளி, பழத்தில் வாழும் அசிட்டோபாக்டர் பாக்டீரியாவுக்கு எதிராகக் குறிப்பாக வேலை செய்கிறது. பழத்தை விட்டுக் காளானுக்குக் குடிபோன ஈ இனங்களில் அந்த மரபணு தொலைந்துபோயிருக்கிறது. இதுவரை சொன்ன ஈக்களின் பேரினமான டிரோசோபிலாவுக்கு வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு பழ ஈக் குடும்பம், பழத்துக்கு வந்த பிறகு அதே மாதிரி ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கிருமியோடு குடித்தனமோ அதற்கேற்ற கத்தி. படித்து முடித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் நான் அந்த மரபணுக் குடும்பத்தைப் பெட்டிக்குள் போட்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கதை, பெட்டிக்குள் போடாத இனங்களில் இருந்தது.

யார் பயன்படுத்தலாம்? ஏற்பிகள், வைரஸ் தடுப்பு, ரெலிஷ் போன்ற சமிக்ஞைப் புரதங்கள் என்றால் தயங்காமல் எடுங்கள். ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டையும் இனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டையும் ஒப்பிடும் மெக்டொனால்ட்-கிரைட்மன் சோதனையையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் இதே ஈக்களை வைத்துத்தான் அதையும் உருவாக்கினார்கள். முகம் வேண்டும், இணையத்திலேயே ஓடவேண்டும், வண்ணப் படம் வேண்டும் என்பவர்களுக்கு ஹைஃபை (HyPhy) என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல கருவி, மாணவர்களுக்கு நான் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். சிறு புரதத் துண்டுகள்தான் உங்கள் தலைப்பு என்றால் இரண்டுமே உதவாது. மரபணுக்களை எத்தனை, எங்கே என்று எண்ணுங்கள், ஒவ்வோர் இனத்திலும் நிறைய ஈக்களை வாசியுங்கள், முடிந்தால் ஊசியால் குத்தித் தொற்றவைத்துப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று கத்திகளுக்காக.

இதை எழுதும்போது பக்கத்துத் திரையில் டெப்2 ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது தொடக்க மதிப்பு. முதல் இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. அலைன்மென்ட்டை நேற்றே கண்ணால் பார்த்துவிட்டேன்.